அம்மாவுக்குக் கடல்நாயின் கதை சொன்னவர்

தொழிற்சாலையில் மத்தியான இடைவேளை முடிந்து கையுறையை மாட்டிக்கொண்டிருந்தபோது அக்காவின் அழைப்பு வந்தது. வேலை நேரத்தில் அக்கா எடுப்பதில்லை.

"தம்பி, அத்தான் போயிட்டார்" என்றார். பிறகு, "அம்மாட்டை நீயே சொல்லு" என்று வைத்துவிட்டார்.

முதல்நாள் காலை, சுவிஸின் பேர்ன் நகரை ஒட்டிய பூம்ப்ளிஸில் தமது வீட்டுப் படியிறங்கும்போது விழுந்தவர். மூளையில் இரத்தக் கசிவு. பேர்ன் மருத்துவமனையில் கண் விழிக்காமலே போய்விட்டார். விழுந்த செய்தி எனக்கு முதல்நாளே கிடைத்தது. நான் இருக்கும் வில் நகரிலிருந்து புறப்படவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை எழுதாமல் அவரைப் பற்றி நான் எழுத முடியாது.

முப்பத்தோராம் நாளில் வெளியிடும் இந்த நினைவு மலருக்கு எழுதும்படி அக்கா கேட்டபோது மறுத்தேன். வந்து சேர்ந்திருந்த மற்றக் கட்டுரைகளைக் காட்டினார். 'பாசத்தின் உறைவிடம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'என்றும் சிரித்த முகம்' என்று இன்னொருவர். அத்தானின் சிரித்த முகத்தை இவர்கள் எங்கே கண்டார்களோ எனக்குத் தெரியாது.

"என்னால அவரைப் பற்றி நல்லதா எழுத ஏலாது, அக்கா."

"நல்லதா எழுதச் சொல்லி நான் கேக்கேல்லை. இவை எல்லாரும் வேற ஆரையோ பற்றி எழுதியிருக்கினம். நீ அவரோட கோபமா இருந்தனி. கோபக்காரனுக்கு ஆளை ஞாபகமிருக்கும்."

ஆகவே எழுதுகிறேன். அவரை அறியாதவர்களுக்காகத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஞானரூபன் என்பது அவருடைய பெயர். அத்தானாவதற்கு முன் எனக்கு அவர் ரூபன் அண்ணை. நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எங்கடின் மலைப்பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை கிடைத்தது. அங்கே எனக்கு முன்பிருந்தே அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படிக்கும்போது நாட்டைவிட்டு வந்தவர். கழுவும் இயந்திரத்தின்மேல் ஜெர்மன் இலக்கணப் புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பார். ஆவி பட்டு அதன் தாள்கள் உப்பிப்போயிருக்கும். நாங்கள் பிழையாக ஜெர்மன் கதைத்தால் கேட்காமலே திருத்துவார். குசினியில் ஒருவருக்கும் அவரைப் பிடிக்காது.

என்னுடைய அகதி விசாரணை முடிந்து முடிவுக்குக் காத்திருந்த நாட்கள் அவை. கூட இருந்த எல்லோரும், "பயப்படாதை, கட்டாயம் தருவாங்கள்" என்றார்கள். அந்தச் சொல்லை இன்னொரு வாயால் கேட்க ஆசைப்பட்டு ரூபன் அண்ணையிடம் போனேன்.

"தருவாங்களோ தெரியாது" என்றார். "தராட்டி என்ன செய்யப்போறீர் எண்டு யோசிச்சனீரோ?"

நான் அழுதுவிட்டேன். என் அழுகை முடியும்வரை அவர் பக்கத்தில் நின்று தட்டுகளை அடுக்கினார். தோளில் கை வைக்கவில்லை. அன்றைக்கே எனக்கு அவரைப் பிடிக்காமற் போயிற்று. அனுமதி கிடைத்த நாளில் எல்லோருக்கும் சொன்னேன், அவருக்குச் சொல்லவில்லை.

பிறகு அவர் பேர்னுக்குப் போனார். வேலை செய்துகொண்டே படித்தார், பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தார், பட்டத்துக்கு மேல் பட்டம் பெற்றார். இதற்குள் ஊரில் எங்கள் இரு வீட்டாரும் பேசி, என் அக்காவை அவருக்குத் தருவதாக முடித்துவிட்டார்கள். எனக்குத் தெரிய வந்தபோது அக்கா விமானத்தில் ஏறிவிட்டார். குசினியில் என்னை அழவைத்தவர் எனக்கு அத்தானானார்.

அவர் சேர்ந்த வேலையை எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்துவது எளிதாக இருக்கவில்லை. கடலே இல்லாத இந்த நாட்டில், கடலின் வெப்பத்தையும் உப்பையும் ஆராய்கிற ஒரு குழு அது. இந்தியப் பெருங்கடலின் தெற்கு முனையில், பிரெஞ்சுக்காரருக்குச் சொந்தமான, குடிமக்கள் இல்லாத ஒரு தீவுக்கு ரியூனியன் தீவிலிருந்து கப்பலில் போவார்கள். அங்கே கரையேறும் யானைக் கடல்நாய்களின் தலையில் சிறு கருவியொன்றை ஒட்டுவார்கள். கப்பல்கள் குளிர்காலத்தில் போகாத கடலுக்கெல்லாம் அந்த விலங்கு போகும், கப்பல் அளக்க முடியாத ஆழத்துக்கெல்லாம் இறங்கும். மூச்செடுக்க மேலே வரும் சில நிமிடங்களில் கருவி செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும். செய்தி பேர்னுக்கு வரும். அத்தான் அதைப் படிப்பார்.

பூம்ப்ளிஸில் ஒரு மண்டபத்தில் பிறந்தநாள் விழா. அத்தான் ஒரு மூலையில் இருந்தார். வயதான ஒருவர் அவரிடம் போய்க் கேட்டார்.

"தம்பி, அதைத் தின்னலாமோ?"

"தின்னலாம். முந்தி எண்ணெய்க்காக ஆயிரக்கணக்கில அடிச்சுச் சாகடிச்சவை."

"அப்ப நீங்கள் ஏன் கொல்லாமல் விடுறியள்?"

"சாகடிச்சா அது எங்கை போகுது எண்டு எப்பிடித் தெரியும்?"

மேசை முழுவதும் சிரித்தது. அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை, கேள்விக்குப் பதில் சொன்னார். அன்றிலிருந்து அவருக்கு 'நாய் டொக்டர்' என்று பெயர் விழுந்தது. அவர் காதிலும் அது விழுந்திருக்கும். அதற்காக எந்த மண்டபத்துக்கும் வராமல் இருந்ததில்லை. வந்து, அதே மூலையில் இருந்து, சாப்பிட்டுவிட்டுப் போவார்.

இனி 2009.

எங்கள் அம்மாவும் கடைசித் தம்பி நிமலனும் வன்னியில், போருக்குள் இருந்தார்கள். எங்கள் தகப்பனார், ஐயா, முன்பே இறந்துவிட்டார். தை மாதத்தோடு தொலைபேசி நின்றது. அக்கா வேலைக்கு லீவு போட்டுவிட்டு பேர்னில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் மற்றவர்களோடு ஆர்ப்பாட்டத்தில் நின்றார். நான் வேலை முடித்த கையோடு வில்லிலிருந்து ரயிலேறிப் போய்ப் பக்கத்தில் நிற்பேன். அத்தான் அந்த மாதங்களில் தீவில் இருந்தார். அங்கே இருந்த முகாமில் செயற்கைக்கோள் தொலைபேசி இருந்தது. கிழமைக்கொருமுறை எடுப்பார். இடையில் ஒரு கப்பல் தீவுக்கு வந்து திரும்பிப் போனது. அவர் அதில் ஏறவில்லை. ஆண்டுதோறும் தோல் உரிக்கக் கரையேறும் விலங்குகளில் சில இன்னும் உரித்து முடியவில்லையாம், பழைய தோலில் கருவியை ஒட்டினால் தோலோடு கழன்றுவிடுமாம்.

குளிரில் நின்றுகொண்டிருந்த பெண்களில் ஒருவர் அக்காவின் முகத்துக்கு நேரே கேட்டார். "எங்கடை சனம் அங்கை சாகுது. உன்ரை மனிசன் நாய்க்குப் பின்னாலை திரியிறார் என்ன?" அந்தப் பெண் சொன்னது சரி என்று நான் நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அத்தான் வந்திருந்தால் எதுவும் மாறியிருக்காது. ஆனாலும் அக்காவுக்குப் பக்கத்தில் நிற்க ஒருவர் இருந்திருப்பார்.

வைகாசியில் எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகுதான் அத்தான் வந்தார். முகம் காற்றில் கறுத்து, உதடு வெடித்திருந்தது. நான் அவர் வீட்டு வாசலிலேயே கத்தினேன். அவர் கையில் பையைப் பிடித்தபடி முழுவதையும் கேட்டார். "நீர் சொல்லுறதில பிழை இல்லை" என்றார். பிறகு உள்ளே போய்க் குளித்தார்.

சில கிழமைகளில் அம்மா உயிரோடு இருப்பது தெரிந்தது. வவுனியாவில் ஒரு முகாமில் இருந்தார். யாரோ உள்ளே கொண்டுபோன தொலைபேசியில் அக்கா வீட்டுக்கு எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டு நாங்கள் மூவரும் சுற்றி நின்றோம். கடைசி நாட்களில் தண்ணீர் எடுக்கப் போன நிமலன் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் எவரும் இல்லை. இதைச் சொல்லிவிட்டு அம்மா எங்களைக் கேட்கவில்லை, மருமகனைக் கேட்டார்.

"தம்பி, நீங்கள் படிச்சனீங்கள். அவன் இருக்கிறானோ?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அத்தான் தொலைபேசிக்குக் கிட்ட வந்தார்.

"தெரியாது மாமி. சத்தம் நிண்டுபோச்சு எண்டா சத்தம் நிண்டுபோச்சு எண்டு மட்டும்தான் தெரியும். அதுக்கு மேலை எனக்கு ஒண்டும் தெரியாது."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அம்மா விம்மிக்கொண்டிருந்த இடைவெளியில், தமக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னார்.

"நாங்கள் கருவி ஒட்டின கடல்நாய் ஒண்டு, மாமி. போன வருசம் நடுக்கடலில அதின்ரை செய்தி நிண்டுபோச்சு. எல்லாரும் செத்துப்போச்சு எண்டு எழுதிப்போட்டினம். இந்தமுறை நான் கரையில நிக்கேக்கை ஏறி வந்தது. தலையில கருவி அப்பிடியே இருக்கு. அன்ரெனாதான் முறிஞ்சிருந்தது."

அம்மாவின் விம்மல் நின்றது. "வந்திட்டுதோ?" என்றார்.

"ஓம். வந்திட்டுது."

தொடர்பு அறுந்தது. இந்த ஒரு உரையாடலுக்காக நான் என் அத்தானைப் பல ஆண்டுகள் வெறுத்தேன். அன்றைக்கு அம்மாவின் கையில் அவர் எதைக் கொடுத்தார் என்று அவருக்கு விளங்கவில்லை.

அம்மாவை இங்கே எடுப்பதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன. வில்லில் என்னோடு இருந்தார். வந்த புதிதில் எங்கள் சொந்தத்தில் ஒருவர் வீட்டுக்கு வந்து, நிமலனை ஒரு தடுப்பு முகாமில் தனக்குத் தெரிந்தவர் கண்டதாகச் சொன்னார். அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். அன்று அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். அத்தான் அந்த மனிதரைப் பார்த்து, எந்த முகாம், எந்த மாதம், கண்டவர் நிமலனை முன்பு அறிந்தவரா, பெயரைச் சொன்னானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வந்தவர் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து போனார். பிறகு எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. அம்மா அத்தானைக் கோபிக்கவில்லை. அதுதான் எனக்கு விளங்காதது. பொய் சொன்ன மனிதரை நம்பியதைவிட, பொய்யைப் பிடித்த மருமகனை இன்னும் கூடுதலாக நம்பத் தொடங்கினார். இவர் தெரியாததைச் சொல்லாதவர், ஆகவே இவர் 'வந்திட்டுது' என்றால் அது வந்துதான் இருக்கும் என்பது அம்மாவின் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அத்தானுக்கு எடுப்பார். அத்தான் தாமாக எடுப்பவர் அல்லர். அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் சத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார். நான் வீட்டின் எந்த அறையில் இருந்தாலும் அந்தக் குரல் வரும்.

"தம்பி, அந்தப் பிள்ளை இப்ப எங்கை?"

அந்தக் கடல்நாய்க்கு அம்மா வைத்த பெயர் அது. அத்தானின் குழுவில் அதற்கு ஓர் இலக்கம்தான் இருந்தது. அது கரையேறும்போது சில ஆண்டுகளில் புதுக் கருவி ஒட்டினார்கள், ஒட்டாத ஆண்டுகளில் கரைக்கு வந்ததா என்று மட்டும் பார்த்தார்கள்.

"தெற்கை போகுது மாமி. ஐஸ் தொடங்கிற இடத்துக்குக் கிட்ட."

"தனியவோ?"

"தனியத்தான். கரையிலதான் கும்பல். கடலுக்கை ஒண்டோடை ஒண்டு சேர்ந்து போறேல்லை."

"அந்த ஆழத்தில இருட்டாயிருக்குமே. சாப்பாட்டை எப்பிடிக் கண்டுபிடிக்கும்?"

"மீசையால. மீன் நீந்தினா தண்ணி அசையும், அந்த அசைவு மீசையில படும். கண்ணும் பெரிசு. அந்த ஆழத்து மீன் சிலது தானா மினுங்கும், அந்த மினுக்கமே அதுக்குப் போதும். பகலில மீன் ஆழத்துக்குப் போகும், இதுவும் பின்னாலை ஆழத்துக்குப் போகும். இரவில மீன் மேலை வரும், இதுவும் மேலை வரும். நாள் முழுக்க இதுதான். ஒருக்காத் தாழ்ந்தா இருபது நிமிசம், அரை மணித்தியாலம். மேலை வந்து ரெண்டு மூண்டு நிமிசம். திருப்பியும் தாழும். மாதக் கணக்கில."

"அவ்வளவு நேரம் மூச்சை எப்பிடிப் பிடிக்கும்?"

"பிடிக்காது மாமி. மூச்சை வெளியில விட்டிட்டுத்தான் தாழும். அதுக்கு வேண்டியது இரத்தத்திலையும் தசையிலையும் இருக்கு. இதயம் மெல்ல மெல்ல அடிக்கும்."

இன்னொரு ஞாயிறு அம்மா கேட்டார். "நித்திரை கொள்ளாதோ?"

"கொள்ளும். தண்ணிக்கு மேலை நித்திரை கொண்டா ஓர்க்காத் திமிங்கிலம் பிடிச்சிடும். அதால ஆழத்துக்குப் போய், நீந்திறதை நிப்பாட்டிப்போட்டு, மல்லாந்து, காய்ஞ்ச இலை விழுற மாதிரிச் சுழண்டு சுழண்டு இறங்கும். அந்த நேரம்தான் நித்திரை."

அத்தான் தமது வேலையைப் பற்றியே மேலும் சொன்னார். நீந்தாமல் இறங்கும் அந்த வேகத்தை வைத்து அது மெலிந்திருக்கிறதா கொழுத்திருக்கிறதா என்று இங்கே இருந்தே சொல்லிவிடலாம். கரையிலிருந்து பட்டினியோடு போனது கெதியாகத் தாழும். நன்றாகத் தின்று கொழுப்பு ஏற ஏற மெல்லத் தாழும். சிலவேளை தாழாமல் மிதந்தே மேலே வரும்.

"அப்ப இந்தக் கிழமை சாப்பிட்டிருக்கோ?"

"சாப்பிட்டிருக்கு மாமி. போன மாதத்தைவிட மெல்லத் தாழுது."

அந்த ஞாயிறுகளில் அம்மா இரண்டாம்முறை சோறு போட்டுச் சாப்பிடுவார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. நிமலனுக்குத் திவசம் செய்வோம் என்று நான் எத்தனை முறை தொடங்கியிருப்பேன். "உயிரோட இருக்கிறவனுக்கு ஆரும் திவசம் செய்வினமோ?" என்று அம்மா கேட்பார். சுவரில் அவன் படத்துக்கு மாலை போட விடவில்லை. அவன் வந்தால் படுக்க என்று ஒரு கட்டிலையும் விரித்தே வைத்திருந்தார்.

ஒருநாள் நான் பூம்ப்ளிஸுக்குப் போனேன். அக்கா குசினியில் நின்றார். அத்தானை மேசையில் இருத்தி வைத்துக் கேட்டேன்.

"அம்மாட்டை நிமலன் இல்லை எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா நம்புவா."

"அவன் இல்லை எண்டு எனக்குத் தெரியாது."

"இருக்கிறான் எண்டு நம்புறியளோ?"

"நம்பிறது வேற. தெரியிறது வேற."

"அப்ப அந்த நாய்க் கதையை ஏன் சொன்னீங்கள்?"

"அது எனக்குத் தெரிஞ்சது. கண்ணால கண்டது."

"என்ரை தம்பி உங்கடை நாய் இல்லை, அத்தான்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. மாமி அப்பிடி எடுத்தா."

"எடுப்பா எண்டு உங்களுக்குத் தெரியாதோ? அவ தாய்."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அந்த முகத்தை நான் இப்போதும் காண்கிறேன். "அண்டைக்குத் தெரியேல்லை" என்றார். "இப்ப தெரியுது. ஆனா நடந்த ஒண்டை நடக்கேல்லை எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? அது வந்தது."

என் வீட்டுப் படியை இனி மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியேறினேன். அக்கா தடுக்கவில்லை. அத்தான் அதன்பிறகு வில்லுக்கு வரவில்லை. அக்கா மட்டும் வந்துபோனார். அம்மாவின் ஞாயிற்றுத் தொலைபேசியை என்னால் நிறுத்த முடியவில்லை. மூத்த பெண்ணின் கணவரோடு கதைக்காதே என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது?

பிறகு ஓராண்டு அந்தப் பிள்ளை கரைக்கு வரவில்லை. 'பிந்திட்டுது போல' என்று அத்தான் சொன்னது எனக்குக் கேட்டது. மறு ஆண்டும் வரவில்லை. அவர் அதைத் தொலைபேசியில் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் அத்தான் நிற்கிறார். நான் விலக்கியவர், தனியாக வந்திருக்கிறார்.

"உம்மைப் பார்க்க வரேல்லை. மாமியோட கதைக்கவேணும்" என்றார்.

அம்மாவின் குரல் உள்ளேயிருந்து வந்தது. வழி விட்டேன்.

அம்மா தேநீர் போட்டுக் கொடுத்து எதிரில் இருந்தார். அத்தான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"மாமி, அது ரெண்டு வருசமாக் கரைக்கு வரேல்லை. தோல் உரிக்க வராமல் அதால இருக்க ஏலாது."

"வேற கரைக்குப் போயிருக்குமோ?"

"சிலது போகும். இது இவ்வளவு காலமும் அந்த ஒரே கரைக்குத்தான் வந்தது. அதுக்கு வயதும் போயிட்டுது."

"செத்துப்போச்சோ?"

"தெரியாது."

"தெரியாது எண்டு எனக்கும் தெரியும். நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

அத்தான் சற்றும் தயங்கவில்லை. "செத்துப்போச்சு எண்டு நினைக்கிறன்."

அம்மா கைகளை மடியில் கோத்துக்கொண்டார். அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரிந்தது. நான் ஆண்டுக்கணக்கில் வேண்டி நின்ற கேள்வி அது. அந்தக் கணத்தில் அதை எப்படியாவது தடுக்க வேண்டும் போலிருந்தது. எழுந்து நின்றேன். அதற்குள் அம்மா கேட்டுவிட்டார்.

"நிமலன்?"

"அவனும் அப்பிடித்தான் எண்டு நினைக்கிறன், மாமி. அண்டைக்கே அப்பிடித்தான் நினைச்சன்."

"அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?"

"அண்டைக்கு நீங்கள் கேட்டது, அவன் இருக்கிறானோ எண்டு. நான் என்ன நினைக்கிறன் எண்டு கேக்கேல்லை. நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை."

அவர் இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன். உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான். அம்மா எழுந்து போய் அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கினார். பாதித் தேநீர் அப்படியே இருந்தது.

"எழும்புங்கோ" என்றார்.

அவர் எழுந்தார். வாசலில் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது நான் மேலே நின்று கேட்டேன். "இப்ப உங்களுக்குச் சந்தோசமோ?"

நிமிராமலே சொன்னார். "இதைச் சொல்லச் சொல்லித்தானே நீர் கேட்டனீர்."

படியிறங்கிப் போனார். எனக்கும் அவருக்கும் இடையில் கடைசியாக நடந்த பேச்சு இதுதான்.

அம்மா பல நாட்கள் கட்டிலை விட்டு எழவில்லை. எழுந்தபிறகும் அத்தானுக்கு எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி மேசைமேல் சும்மா கிடந்தது. 'அந்தப் பிள்ளை' என்ற சொல் எங்கள் வீட்டில் பிறகு கேட்கவில்லை. நிமலனைப் பற்றியும் பேச்சில்லை. திவசமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. சோறு ஒருமுறைதான் போட்டுக்கொள்வார். அந்த நாட்களில் நான் அத்தானை முன்பைவிட மோசமாக வெறுத்தேன். சொல்லாமல் இருந்ததற்காக ஒருமுறை வெறுத்தேன், சொன்னதற்காக மறுமுறை வெறுத்தேன். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பது எனக்குத் தெரியும். பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் எனக்கில்லை.

ஆனால் அக்கா கேட்டபடி உண்மையை எழுதுவதென்றால் இதையும் எழுத வேண்டும். அம்மா இந்த நாட்டுக்கு வந்தபிறகு எத்தனையோ பேர் எங்கள் வீட்டில் இருந்து தேநீர் குடித்தார்கள். கடவுள் இருக்கிறார் என்றார்கள், சாதகம் பார்த்தார்கள், நான் உட்பட எல்லோரும் அம்மாவைச் சமாளித்தோம். அம்மா கேட்டதைக் கேள்வியாக எடுத்து, தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொன்னவர் இவர் ஒருவர்தான். அதனால் நல்லது நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடந்தது என்னவென்று சொல்கிறேன்.

செத்தவீடு பேர்னில். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கொள்ளி வைக்க அக்கா என்னைக் கேட்டார், சம்மதித்தேன். அம்மாவை வரவேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, அத்தோடு மருமகனோடு கதை இல்லாமல் இருந்தவர். நான் அத்தான் இறந்த செய்தியைச் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "உடம்பு இருக்கோ?"

"ஓம் அம்மா. பேர்னில இருக்கு."

"அப்ப நான் வரவேணும்."

மண்டபத்தில் பேச்சுகள் நடந்தன. அவருடைய குழுவிலிருந்து வந்த சுவிஸ்காரப் பெண்மணி ஒருவர் ஜெர்மனில் சுருக்கமாகப் பேசினார். தமது கட்டுரைகளில் ஒரு சொல் மிகையாக இருந்தால் அத்தான் வெட்டிவிடுவார், அதற்காக அவரோடு சண்டை பிடித்திருப்பதாகச் சொன்னார். எங்களவர்களில் சிலர் முகம் சுழித்தார்கள். எனக்கு அன்று கேட்ட பேச்சுகளில் அது ஒன்றுதான் அவரைப் பற்றியதாகத் தோன்றியது.

பெட்டி மூடுவதற்கு முன் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தேன். அம்மா என் கையை விட்டார். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அத்தானின் முகத்தைப் பார்த்தார். ஒப்பாரி சொல்லவில்லை, அழவும் இல்லை. நெற்றியைத் தொட்டார், கன்னத்தைத் தொட்டார். காதுக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தார். மார்பில் மடித்திருந்த கைகளைத் தொட்டார். பிறகு கால்மாட்டுக்கு நடந்து போய், வேட்டியை விலக்கி இரண்டு பாதங்களையும் பிடித்துப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் பொறுமை இழந்தார்கள். மண்டப ஊழியர் நேரத்தைக் காட்டினார். அக்கா எழுந்து, "விடுங்கோ, அவ பார்க்கட்டும்" என்றார்.

பாதத்தைப் பிடித்தபடி அம்மா என்னிடம் சொன்னார்.

"நிமலனையும் இப்பிடி ஒருக்காக் காட்டியிருந்தா, நான் ஒருத்தரையும் ஒண்டும் கேட்டிருக்க மாட்டன்."

வேட்டியைச் சரிசெய்தேன். அம்மா மறுபடி தலைமாட்டுக்கு வந்தார். எங்கள் வீட்டு வாசலிலிருந்து யார் புறப்பட்டாலும் அம்மா 'போட்டு வாங்கோ' என்று, போய்த் திரும்பி வரச் சொல்லித்தான் அனுப்புவார். ஐயா இறந்தபோதும் பழக்கத்தில் வாயில் அதுதான் வந்ததாம். நிமலனுக்கும் அதைத்தான் சொல்லி அனுப்பினார். அன்றைக்கு மருமகனின் முகத்துக்குக் கிட்டக் குனிந்து, எல்லோருக்கும் கேட்கிற சத்தத்தில் சொன்னார்.

"போங்கோ, தம்பி."

மூடியை எடுத்து வைக்கச் சொன்னார்கள். ஒரு பக்கத்தை அக்காவும் மறுபக்கத்தை நானும் பிடித்தோம். தகன உலைக்கு முன்னால் நிற்க அனுமதி வாங்கியிருந்தோம். பெட்டியின்மேல் கற்பூரத்தைக் கொளுத்தினேன், கதவு திறந்தது, பெட்டி உள்ளே போனது, கதவு மூடியது. அம்மா கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி நடக்கச் சொல்லி யாரும் அவரைத் தொடவில்லை. கடைசியில் அவரே திரும்பினார். வெளியே வந்ததும், தனக்குப் பசிக்கிறது என்றார்.

உங்களோடு எனக்கிருக்கும் கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால், அக்கா இந்தத் தாளை வாங்கமாட்டார். தீரவில்லை, அத்தான். அதோடேயே உங்களை வழியனுப்புகிறேன். போங்கள்.